இரண்டு கொம்பு

தயாளன் சார்,
அறுநூற்று நாற்பது பீசையும் நீங்கள் தள்ளிவிட்டுப் போன அன்று
வேலம்பாளையத்தில் மூன்றாம் நாளாக ஐப்பசி மழை.
டிரையர் படுத்துவிட்டது.
பார்ட்ஸ் வர நாலு நாள் ஆகும் என்றார்கள்,
இந்தா இருக்கிற கோயமுத்தூரிலிருந்து.

ஈரத்தோடு மாட்டினோம்.
தப்புதான்.
நனைந்த பின்னல் துணிக்கு எலும்பு கிடையாது,
தன் கனத்தில் தானே கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.
ஹேங்கரின் முனை இரண்டும் மட்டும்
இறங்கமாட்டேன் என்று நிற்கும்.
விடிந்து பார்த்தால்
தோளுக்கொன்றாகக் குட்டிக் கொம்பு.

பேனா மூடியால் அதைத் தொட்டுப் பார்த்தீர்கள்.
"என்னங்க இது, ஆட்டுக்குட்டியா?"
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
போனஸ் பேசி முடியாத வாரம் அது.
பி.எம். குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

அன்று ராத்திரி நாலு அயர்ன் பாக்ஸ்,
ஆயிரத்து இருநூற்று எண்பது தோள்,
தோளுக்கு இரண்டு நிமிடம்.
கணக்குப் போடாதீர்கள், எங்களுக்கே தூக்கம் வந்தது.
தண்ணீர் தொட்ட கையால் கொம்பைத் தடவி
நீராவியை அரை அங்குலம் மேலே நிறுத்தி
உள்ளங்கையால் கழுத்துப் பக்கம் ஒதுக்க வேண்டும்.
தேய்க்கக் கூடாது.
தேய்த்தால் பளபளப்பு ஏறும்,
அதற்கொரு தனி ரிஜெக்ட் உங்களிடம் இருக்கிறது.

மூன்று மணிவாக்கில் சென்னியப்பன் சொன்னான்:
"எம் பொண்டாட்டி தோளைக்கூட
இத்தன பதமாத் தொட்டதில்லீங்கக்கா."
"போய்ச் சொல்லு அவகிட்ட" என்றேன்.

அப்புறம் ஈரத்துணியை மாட்டுவதை விட்டோம்.
கயிற்றில் பாதியாக மடித்துப் போட்டு
அக்குளுக்கு நேரே கயிறு போகிற மாதிரி பார்த்துக்கொண்டோம்.
தடம் எப்படியும் விழும்.
விழுகிறது அங்கே விழட்டும்,
அங்கே யார் பேனாவும் போகாது.
காய்ந்ததை மாட்டவும்
கட்டிங் வேஸ்ட் மூட்டையைப் பிரித்து
ரிப் துண்டுகளை ஹேங்கர் முனைகளில் சுற்றித் தைத்தேன்.

மறுபடி வந்தீர்கள்.
மழை விட்டிருந்தது.
ஒவ்வொன்றாக நான் எடுத்து நீட்ட
ஒவ்வொன்றாக டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தீர்கள்.
அப்போதுதான் கண்ணில் பட்டது.
உங்கள் கருநீல டீ சர்ட்டின் தோளில்
இரண்டு கொம்பு.
இடது பக்கம் கொஞ்சம் பெரிது.

பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.
அவினாசி ரோட்டு லாட்ஜ்,
பக்கெட்டில் அலசியது,
சரியாகப் பிழியாமல்
அறையில் கிடந்த ஒரே ஹேங்கரில்
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டது.
காலரில் இன்னும் ஈரம் கறுத்திருந்தது.
ஊருக்குப் போய் மூன்று வாரமாவது இருக்கும்.

சிரிப்பு முட்டியது, பொய் சொல்வானேன்.
சென்னியப்பனும் பார்த்துவிட்டான்.
அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்
வெகுநேரம் இருமினான்.

"ஆம்பூர்ப் பக்கமுங்களா சார்?"
"குடியாத்தம்."
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அறுநூற்றுப் பதினேழு பாஸ்.
ஊசி ஓட்டைக்கு இருபத்து மூன்றைத் தள்ளினீர்கள்.
ஓட்டை இருந்தது, நியாயம்தான்.

உங்கள் கார் பின்சீட்டில் பேப்பர் சுற்றி வைத்தது நான்தான்.
லஞ்சமில்லை சார், பழைய ஹேங்கர் இரண்டு,
முனையில் ஒன்றுக்குக் கடுகு மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை,
கிடைத்த வேஸ்டில் தைத்தது.
கூட ஒரு சீட்டு:
'தண்ணீர் நன்றாக வடிந்தபின் மாட்டவும்.
தோளில் இப்போது இருப்பதற்கு
விரலை நனைத்துத் தடவிவிட்டு
போட்டபடி பத்து நிமிடம் நடக்கவும்.
உடம்புச் சூட்டிலேயே படியும்.'
பெயர் எழுதவில்லை.

தை மாதத்து ஆர்டருக்கு வேறொருவர் வந்தார்.
நெய்த துணிச் சட்டை,
கையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி.
தோளைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
சென்னியப்பன் என்னைப் பார்த்தான்.
அவர் பேனாவை எடுத்தார்.